நிழல் பெருக்கல், மினுக்கம் கூட்டல்: கறுத்த முகத்தைத் திருத்துவது பற்றி ஒரு குறிப்பு

அப்பத்தாவின் முதல் வருஷத் திதிக்கு ஒரு படத்தைப் பெரிது பண்ண வேண்டியிருந்தது. நான் வாங்கிய முதல் டிஜிட்டல் கேமராவில், ஊர்த் திண்ணையில் வைத்து எடுத்த படம். ஒரு பக்கம் தெரு வெளிச்சம், மறுபக்கம் வீட்டு இருட்டு. அப்பத்தா நல்ல கறுப்பு. ஸ்டூடியோவில் கொடுத்தேன். "முகம் டல்லா இருக்கு சார், சரி பண்ணிடறோம்" என்றார்கள். இரண்டு நாளில் பிரேம் போட்டு வந்தது. அத்தை கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு. யாரு இது?" என்று கேட்டார்.

ஸ்டூடியோக்காரரைத் திட்ட இதை எழுதவில்லை. அவருக்கு முன்பே நானும் வீட்டில் அதையேதான் செய்து பார்த்திருந்தேன். ஷேடோஸ் ஸ்லைடரை வலது பக்கம் தள்ளு, ஹைலைட்ஸ் ஸ்லைடரை இடது பக்கம் இழு. போட்டோ திருத்துவது பற்றி நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலும் இதுதான் முதல் படி. போட்டோஷாப்பில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு தனிக் கட்டளை 2003-லேயே வந்துவிட்டது. இன்றைக்கு ஃபோனில் படம் எடுத்தால் நாம் கேட்காமலே அது நடந்துவிடுகிறது. என் விமர்சனம் இந்த முதல் படியின் மேல்தான். எல்லா முகத்துக்கும் பொதுவான வழி மாதிரி இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளுத்த முகத்துக்குப் பெரிய சேதம் இல்லாமல் போகிற வழி, கறுத்த முகத்தில் முகத்தையே எடுத்துவிடுகிறது.

முதலில் கணக்கு. ஒரிஜினல் ஃபைலை ஜிம்ப்பில் திறந்து பச்சைச் சேனலை மட்டும் பார்த்தேன். 0 முதல் 255 வரையான அளவில், கன்னத்தின் நிழல் பகுதி 60-ஐ ஒட்டி இருந்தது. கன்ன எலும்பின் மேல் இருந்த மினுக்கம் 170. ஸ்டூடியோ ஃபைலில் அதே இடங்கள் 100, 150. பார்க்கும்போது சின்ன மாற்றம்தான் என்று தோன்றும். ஆனால் இந்த எண்கள் நேரடியாக வெளிச்சத்தின் அளவு இல்லை. எஸ்ஆர்ஜிபி முறையில் எண்களை வளைத்துத்தான் சேமிக்கிறார்கள். 128 என்றால் பாதி வெளிச்சம் என்று நினைத்துக்கொள்வோம், உண்மையில் அது 22 சதவீதம்தான். வளைவை நேராக்கிப் பார்த்தால் 60 என்பது 4.5 சதவீதம், 170 என்பது 40 சதவீதம். அதாவது மினுக்கம் நிழலைப் போல ஒன்பது மடங்கு. திருத்திய படத்தில் 100 என்பது 12.7 சதவீதம், 150 என்பது 30.5 சதவீதம். இப்போது வித்தியாசம் 2.4 மடங்கு. ஒன்பது மடங்கு இரண்டரைக்குள் சுருங்கிவிட்டது. அந்த வித்தியாசத்தில்தான் அப்பத்தாவின் கன்ன எலும்பு இருந்தது.

வெளுத்த முகத்தில் ஏன் இவ்வளவு சேதம் வருவதில்லை? தோலில் விழும் வெளிச்சம் இரண்டு வழியாகத் திரும்பி வருகிறது. ஒரு பங்கு தோலுக்குள் போய், மெலனின் உறிஞ்சியது போக மிச்சம் நாலா பக்கமும் சிதறி வெளியே வருகிறது. தோலின் நிறம் இதில்தான் இருக்கிறது. இன்னொரு பங்கு உள்ளேயே போகாமல், எண்ணெய்ப் பசை உள்ள மேற்பரப்பில் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பிவிடுகிறது. நேராக விழும் வெளிச்சத்தில் இது சுமார் 3 சதவீதம். மெலனினுக்கு இதில் வேலை இல்லாததால், கறுத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் இந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

வெளுத்த முகத்தில் முதல் பங்கு மிகப் பெரிது. மினுக்கம் அதில் பாதி கரைந்துபோகும். மெல்ல மெல்ல இறங்கும் நிழல்தான் அங்கே மூக்கையும் கன்னத்தையும் காட்டுகிறது. கறுத்த முகத்தில் முதல் பங்கு குறைவு, அதனால் அதே 3 சதவீதம் எடுப்பாக நிற்கிறது. அங்கே வடிவத்தைக் காட்டுவது முக்கியமாக மினுக்கம். அதை அடக்கிவிட்டு நிழலை வெளுக்க வைத்தால் மிஞ்சுவது சாம்பல் பூசிய ஒரு வட்டம்.

இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், கோயிலுக்குப் போனால் போதும். எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் மூலவர், இருட்டான கருவறை. தீபாராதனைத் தட்டு மேலே போகப் போக, மினுக்கம் பாதத்திலிருந்து மார்பு, மூக்கு, நெற்றி என்று நகர்கிறது. அதை வைத்துத்தான் நம் கண் முழு உருவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதே கருவறைக்குள் டியூப்லைட் போட்டுவிட்டால் கல் நன்றாகத் தெரியும், உருவம் தட்டையாகிவிடும். ஷேடோஸ் ஸ்லைடர் செய்வது இந்த டியூப்லைட் வேலையைத்தான்.

பழைய ஓவியர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அஜந்தா முதலாம் குகையில் பத்மபாணியின் பக்கத்தில் ஒரு கறுத்த பெண் நிற்கிறாள். அந்தச் சுவர்களில் முகங்களின் மூக்குத் தண்டிலும் உதட்டிலும் முகவாயிலும் வெளிர் தீற்றல்கள் இருக்கும். தரையில் விழும் நிழலை அவர்கள் வரையவில்லை. வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது என்ற கேள்வியே அங்கே இல்லை. மேடு எது, பள்ளம் எது என்பதுதான் கேள்வி. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்ரசூத்திரப் பகுதி இந்த வேலையை 'வர்த்தனம்' என்று சொல்லி மூன்று வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று 'பிந்து', அதாவது புள்ளி புள்ளியாக வைத்து உருட்டுவது. நிழல் என்பது அவர்களுக்குக் கறுப்புச் சாயம் இல்லை, வடிவம் பற்றிய தகவல்.

கேமராக்காரர்களுக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் பல வருஷங்கள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பிலிமில் கறுப்பும் பழுப்பும் சரியாகப் பதியவில்லை என்று அழுத்தம் கொடுத்தவர்கள் சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேஜை விற்பவர்களும்தான் என்று லோர்னா ராத் என்ற கனடா ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். மனுஷ முகத்துக்காக இல்லை, சாக்லேட்டுக்காக! கூகுள் தன் பிக்ஸல் 6 ஃபோனில் 'ரியல் டோன்' என்று இதற்காகத் தனியாக வேலை செய்ததாக அறிவித்தது 2021-ல்தான்.

எல்லாப் பழியையும் வெளியே போட்டுவிடவும் முடியாது. "கொஞ்சம் கலரா ஆக்கிக் கொடுங்க" என்று ஸ்டூடியோவில் கேட்பவர்கள் நாம்தான். ஸ்லைடர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கல்யாண ஆல்பத்தில் பவுடர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பவுடரும் முதலில் அடக்குவது மினுக்கத்தைத்தான். மற்றபடி, முதுகுக்குப் பின்னால் வெயில் அடிக்கும்போது எடுத்த படத்துக்கு ஷேடோஸ் ஸ்லைடர் ரொம்ப உபயோகமான கருவி. அதை மறுக்கவில்லை. பார்க்காமலே, பழக்கத்தில் கை அங்கே போவதுதான் தப்பு.

டிஜிட்டலில் வரைகிறவர்களுக்கும் இதே கணக்கு உதவும். கறுத்த முகத்துக்கு ஹைலைட் வைக்கத் தோலின் நிறத்தோடு வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்துப்போகும். நிழல் என்பது பெருக்கல். தோலின் நிறத்தை ஒன்றுக்குக் குறைவான எண்ணால் பெருக்குகிறோம், அதனால் மல்டிப்ளை லேயர் பொருந்தும். மினுக்கம் என்பது கூட்டல். தோலின் நிறம் அப்படியே இருக்க, அதன் மேல் விளக்கின் நிறம் வந்து சேருகிறது. அதனால் ஆட் அல்லது ஸ்கிரீன் லேயர். அதற்கு எடுக்கும் நிறமும் வெளிச்சத்தின் நிறமாக இருக்க வேண்டும். வானத்து வெளிச்சம் என்றால் லேசான நீலம், விளக்கு என்றால் மஞ்சள்.

கடைசியில் படத்தை நானே செய்தேன். நிழலில் கை வைக்கவில்லை. மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் ஏற்கெனவே இருந்த மினுக்கத்தை மட்டும் டாட்ஜ் பிரஷ்ஷால் ஒரு துளி தூக்கினேன். முதல் பிரிண்ட் வீணாகிவிட்டது. மேட் தாளில் கறுப்பு முழுசாக இறங்காது, நிழல் மறுபடி சாம்பலாக வந்தது. பளபளப்புத் தாளில் இரண்டாவது போட்டேன்.

அதே பிரேமில் மாட்டி அத்தையிடம் கொண்டுபோனேன். "கண்ணுக்குக் கீழ இருட்டா இருக்கேடா" என்றார். திருத்தட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அம்மாவுக்கு அங்க அப்படித்தான் இருக்கும்" என்றார்.