ஐபோனில் போட்ட இரண்டு ஓட்டைகள்

போனைப் பிரித்து மாற்றிக் கட்டும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை வித்தை காட்டுகிற ரகம். திரும்பப் பார்த்தும் எனக்குச் சலிக்காத இரண்டைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலாவது, ஸ்காட்டி ஆலன் 2017-இல் 'ஸ்ட்ரேஞ்ச் பார்ட்ஸ்' சேனலில் போட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஆப்பிள், ஐபோன் 7-இல் ஹெட்ஃபோன் ஜாக்கைத் தூக்கியிருந்தது. மேடையில் பில் ஷில்லர் அதற்குச் சொன்ன காரணம் 'துணிச்சல்'. ஆலன் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் இருந்துகொண்டு அந்த ஜாக்கைத் திரும்ப உள்ளே வைத்துக் காட்டினார்.

'ஆப்பிளால முடியாததை ஒத்தை ஆளா செஞ்சுட்டார்' என்று கொண்டாடுவது தப்பான பாராட்டு. ஆப்பிளே விற்ற லைட்னிங் அடாப்டரை உடைத்து, அதன் சர்க்யூட்டைத்தான் போனுக்குள் நுழைத்தார். ஹெட்ஃபோன் செருகினால் இணைப்பு அடாப்டர் பக்கம் போகும், உருவினால் சார்ஜிங் பக்கம் திரும்பும். பாட்டு கேட்டுக்கொண்டே சார்ஜ் போட முடியாது. வெளியே தொங்கிய வாலை உள்ளே மடித்து வைத்தார், அவ்வளவுதான். ஆனா வீடியோவின் பலமே அதில்தான் இருக்கு. நெருக்கிப் பிடித்தால் இடம் உண்டு, அதற்கு இவ்வளவு விலை கொடுக்கணும் என்று இரண்டையும் சேர்த்தே காட்டுகிறார். உடைந்துபோன ஸ்க்ரீன்களையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

இன்னொன்று, ஹுவாச்சியாங்பெய் சந்தை. உதிரி பாகம், கருவி, வளையும் சர்க்யூட் போர்டு அடித்துத் தர ஆள், எல்லாமே கிடைக்கிற ஊரில்தான் இது நடக்கிறது. 'நீயே செய்' என்ற பெயரே இங்கே கொஞ்சம் பொய். ஆலன் அதை மறைக்கவில்லை, சந்தையையும் படத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் ரோபாட்டிக்ஸ் மாணவர் கென் பிலொனெல் 2021-இல் ஐபோன் X-க்குப் பொருத்திய யூஎஸ்பி-சி போர்ட். பொறியியலாகப் பார்த்தால் இதுவே கடினமான வேலை. லைட்னிங் கனெக்டருக்குள் இருக்கும் சிப் எப்படிப் பேசுகிறது என்று தோண்டியெடுத்து, அந்தச் சர்க்யூட்டைச் சுருக்கி உள்ளே அடக்கினார். அந்தப் போன் ஈபேயில் 86,001 டாலருக்கு ஏலம் போனது. கூடவே நிபந்தனைகள்: அப்டேட் பண்ணக் கூடாது, அழிக்கக் கூடாது, தினசரி போனாகப் பயன்படுத்தக் கூடாது, திறக்கவும் கூடாது! திறந்து பார்க்கும் உரிமையில் பிறந்த ஒரு பொருள், திறக்கக் கூடாத பொருளாக விற்பனைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, வரைபடங்களை அவர் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். எனக்கு ஏலத்தை விட அதுதான் பெரிய விஷயம்.

இவரைப் பார்த்துத்தான் ஆப்பிள் மாறியது என்று சிலர் எழுதுவது மிகை. 2023-இல் ஐபோன் 15-க்கு யூஎஸ்பி-சி வந்ததற்குப் பின்னால், அதற்கு முந்தைய வருஷம் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய சட்டம் இருக்கிறது. வீடியோ பார்த்து மனம் மாறுகிற கம்பெனி அது இல்லை.

பிலொனெலின் வேலைகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த ஐபோனையே அல்ல. ஏர்பாட்ஸ் ப்ரோவின் சார்ஜிங் பெட்டி பசை போட்டு ஒட்டியது, பேட்டரி போனால் பெட்டியே போச்சு. அவர் பின்னாளில் அதற்குத் திருகாணி போட்டு மூடுகிற, 3டி பிரிண்டரில் அச்சடிக்கக்கூடிய ஒரு பெட்டியை வடிவமைத்தார். பார்க்க அழகாக இருக்காது. ஆனா பேட்டரியை மாற்றலாம்.