அழகா, பழக்கமா? லினக்ஸ் பணிமேடைகள்: ஒரு தமிழாசிரியரின் திறனாய்வு



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பல பழைய மடிக்கணினிகளில் அது ஏறாது. நம் மாணவர்கள் பலரின் வீட்டில் இருப்பதோ அண்ணன் படித்து முடித்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்த கணினிதான். அதனால் 'லினக்ஸ் போட்டுக் கொடுங்க டீச்சர்' என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள்.

லினக்ஸ் போடுவது பெரிய வேலை இல்லை. எந்தப் பணிமேடையைப் போடுவது என்பதில்தான் நான் சறுக்கினேன். பணிமேடை என்று நான் சொல்வது திரையில் நாம் பார்க்கும் முகப்பு, பட்டியல், சாளரம், அமைப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பை. விண்டோஸில் நமக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா, க்னோம், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ, மேட் என்று வரிசையாக நிற்கும்.

நான் செய்த தவறு

படிவம் ஐந்து மாணவி ஒருத்தியின் லேப்டாப்பை வாங்கிப் போனேன். 4 ஜிபி நினைவகம், பழைய சுழல் வன்தட்டு. எனக்குப் பிடித்த கேடிஇ பிளாஸ்மாவைப் போட்டேன். பட்டையை மேலே ஏற்றினேன், கீழே ஒரு அழகான டாக் வைத்தேன், சாளரம் திறந்தால் அசையும்படி செய்தேன். பார்க்க அவ்வளவு அழகு!

ஒரு வாரம் கழித்து அவளுடைய கட்டுரை வாட்ஸ்அப்பில் வந்தது. முழுவதும் திறன்பேசியில் தட்டச்சு செய்தது. பத்தி பிரிக்கவில்லை, பாதியில் நின்றிருந்தது. ஏன்மா என்று கேட்டேன். "லேப்டாப்ல தமிழ் வரல டீச்சர். எதை எங்க தேடுறதுன்னும் தெரியல. உங்ககிட்ட சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள்.

உதவி செய்கிறேன் என்று போய், தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து கணினியைப் பறித்துவிட்டேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

டிப்ளோமா படிக்கும்போது இலக்கியத் திறனாய்வு வகுப்பில் ஒன்று சொல்லித் தந்தார்கள்: அளவுகோலை முதலில் வை, தீர்ப்பைப் பிறகு சொல். கவிதைக்கு மட்டுமல்ல, கணினிக்கும் அது பொருந்தும். என் அளவுகோல்கள் மூன்று. தமிழ் தட்டச்சு எளிதா? பழகிய கைக்கு வழி தெரிகிறதா? இருக்கும் கணினியில் ஓடுமா? அழகு இதற்கெல்லாம் பிறகுதான்.

முதல் அளவுகோல்: தமிழ் தட்டச்சு

தமிழ் எழுத்து திரையில் சரியாகத் தெரிவதில் இன்று பணிமேடைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. நோட்டோ அல்லது லோகித் எழுத்துரு இருந்தால் போதும், கொம்பும் காலும் இடம் மாறாது. வேறுபாடு தட்டச்சில்தான்.

லினக்ஸின் சாதாரண விசைப்பலகைப் பட்டியலில் 'தமிழ்' என்று பார்த்தவுடன் பலர் அதைத் தேர்ந்தெடுத்து விடுகிறோம். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில்தான் ஓடும். தமிழ்99-இல் 'க' தட்டி 'ஓ' தட்டினால் 'கோ' வர வேண்டும். அந்தப் புணர்ச்சி இதற்குத் தெரியாது. அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருளும் எம்17என் என்ற தொகுப்பும் வேண்டும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுமுறை எல்லாம் அதில் இருக்கின்றன. முரசு அஞ்சலில் பழகிய நம் நாட்டுக் கைகளுக்கு ஒலிபெயர்ப்பு முறை நெருக்கம். முதல் நாள் ஓரிரு விசை தடுக்கலாம், பிறகு பழகிவிடும்.

இதில் முதலிடம் க்னோமுக்கு. ஐபஸ் அதனுள்ளேயே கலந்திருக்கிறது. எம்17என் தொகுப்பை நிறுவி, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் சின்னம் உள்ள விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். லினக்ஸ் மின்ட்டில் சின்னமனோ எக்ஸ்எஃப்சிஇயோ வைத்திருந்தால், உள்ளீட்டு முறைக்கென்று தனிக் கருவி உண்டு. அங்கே ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். பிளாஸ்மாவின் புதிய வேலேண்ட் அமர்வில் இதற்கான தேர்வு 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. தமிழ் தட்ட வேண்டியவர் அங்கே போய்த் தேடுவாரா? நானே தேடவில்லை. அந்த மாணவிக்குத் தமிழ் வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது: பழகிய கை

க்னோம் 2011-இல் மூன்றாம் பதிப்போடு தன் முகத்தையே மாற்றிக்கொண்டது. இயல்பான க்னோமில் சாளரத்தைச் சுருக்கும் பொத்தான் இல்லை, முகப்பில் கோப்பு வைக்க முடியாது. கவனம் சிதறாது என்று அதை விரும்புவோர் உண்டு. ஆனால் கோப்பை முகப்பில் போட்டு வைத்தே வளர்ந்த பிள்ளை திகைத்துப் போகும். நீட்சிகளைச் சேர்த்துச் சரிசெய்யலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும்போது சில நீட்சிகள் நின்றுவிடும். உபுண்டு இந்தக் குறையில் பாதியைத் தானே தீர்த்து, பக்கப்பட்டையோடு தருகிறது.

அன்று க்னோம் மாறியதைப் பிடிக்காதவர்களால்தான் மேட் பிறந்தது. அது பழைய க்னோம் 2-இன் தொடர்ச்சி. சின்னமன் லினக்ஸ் மின்ட் குழுவின் ஆக்கம். கீழே பட்டை, இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் கடிகாரம் என்று விண்டோஸ் பழக்கத்துக்கு மிக அருகில் இருப்பது இதுவே. பெற்றோரும் கேட்காமலேயே பயன்படுத்துவார்கள்.

பிளாஸ்மாவும் நிறுவியவுடன் விண்டோஸ் போலத்தான் இருக்கும். அதைக் குழப்பியது நான்! எதையும் மாற்றலாம் என்பது அதன் பலம். மாற்றுபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர் என்றால் அதுவே பலவீனம்.

மூன்றாவது: கணினியின் வலு

'பழைய கணினிக்கு இலகுவான பணிமேடை' என்று எல்லாரும் சொல்கிறோம். பாதிதான் உண்மை. எக்ஸ்எஃப்சிஇ போட்டால் நினைவகத்தில் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் உலாவியில் நாலைந்து பக்கம் திறந்தால் அந்த மிச்சம் போய்விடும். 4 ஜிபி கணினியில் அந்தக் கொஞ்சமும் உதவும், 8 ஜிபி இருந்தால் கவலையே வேண்டாம். பிளாஸ்மா கனமானது என்பதும் பழைய பேச்சு. இப்போது அது நன்றாக மெலிந்துவிட்டது. உண்மையில் கணினியை இழுப்பது பல நேரம் சுழல் வன்தட்டுதான். அதை எஸ்எஸ்டி-யாக மாற்றினால் கிடைக்கும் வேகம் எந்தப் பணிமேடை மாற்றத்திலும் கிடைக்காது.

ஒரு குறை எல்லாருக்கும் பொது

இடைமுகத்தைத் தமிழில் வைத்துப் பாருங்கள். கோப்பு, தொகு, பார்வை என்று தொடங்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். உள்ளே போகப் போக ஆங்கிலம் கலந்து வரும். இடத்துக்கு இடம் கலைச்சொல்லும் மாறும். மொழிபெயர்ப்பவர்கள் தன்னார்வலர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கலைச்சொல் கற்பிக்கும் நாம் இதில் கைகொடுக்காமல் இருப்பது நம் குறைதான். இந்தத் திட்டங்கள் எல்லாமே திறந்தவை; ஒரு சொற்றொடரைத் திருத்தி அனுப்ப எந்த ஆசிரியருக்கும் வழி உண்டு.

என் தீர்ப்பு

பழைய 4 ஜிபி கணினி, விண்டோஸில் பழகிய மாணவர் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி இருந்தால் சின்னமன். நாள் முழுக்கத் தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டுகிற ஆசிரியருக்கு உபுண்டுவின் க்னோம். தனக்கென்று ஒரு கணினியைச் செதுக்கிக்கொள்ள ஆசைப்படுபவருக்கு பிளாஸ்மா. என் கணினியில் இன்றும் அதுதான் ஓடுகிறது. இன்னொருவர் கணினியில் இனிப் போட மாட்டேன்.

எதைப் போட்டாலும், திருப்பிக் கொடுக்கும் முன் மாணவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தமிழில் ஒரு பத்தி தட்டி, சேமித்து, மூடி, மறுபடி திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இன்னொன்று: லதா எழுத்துருவில் செய்த உங்கள் பயிற்றியை அந்தக் கணினியில் திறந்து பாருங்கள். அங்கே லதா இருக்காது. வேறு எழுத்துரு வந்து வரிகள் நகர்ந்துவிடும். மாணவருக்கு அனுப்புவதைப் பிடிஎஃப்-ஆக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

அந்த மாணவியின் கணினிக்கு எஸ்எஸ்டி போட்டு, எக்ஸ்எஃப்சிஇ நிறுவி, பட்டையைக் கீழேயே விட்டேன். அடுத்த கட்டுரை பத்தி பிரித்து, முடிவுரையோடு வந்தது. மூன்று ஒற்றுப்பிழை இருந்தது. அதைத் திருத்துவது என் வேலை, அது எனக்குத் தெரியும்.

மாணவர் சிந்தனைக்கு: 'ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிடப் பயனே முதன்மையானது.' இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ வாதக் கட்டுரை எழுதுக. முதல் பத்தியிலேயே உங்கள் அளவுகோலைச் சொல்லிவிடுங்கள்.