என் விழித்திரையை நானே பார்த்துவிட்டேன்!

ஒரு பழைய விசிட்டிங் கார்டு, ஒரு குண்டூசி. இவ்வளவுதாங்க வேணும்! கார்டில் பொடியாக ஒரு துளை போட்டுக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சமான வெள்ளைத் திரையைப் பார்த்தபடி (சூரியனை மட்டும் பார்த்துடாதீங்க) கார்டைக் குட்டி வட்டமாக ஆட்டினேன். வந்தது பாருங்க! கிளை, கிளைக்குள் கிளை, அதிலிருந்து மயிரிழைக் கொடிகள்... பார்வை முழுக்க ஒரு கறுப்பு மரம்! அத்தனையும் என் விழித்திரையில் ஓடும் ரத்தக்குழாய்களின் நிழல். கத்தியே விட்டேன். வீட்டில் இருந்த ஒருத்தரையும் விடாமல் இழுத்துவந்து ஆளுக்கொரு கார்டு கொடுத்து ஆட்டச் சொன்னேன்.

கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வெளிச்சம் கருவிழியில் வளைந்து, பாவை வழியாக நுழைந்து, லென்ஸில் இன்னும் கொஞ்சம் வளைந்து விழித்திரைக்கு வருகிறது. ஒளியை உணரும் செல்களோ பின்வரிசையில், ரத்தக்குழாய்கள் அவற்றுக்கு முன்னால்! அப்படியென்றால் அந்த நிழல் பிறந்ததிலிருந்தே அங்கே விழுகிறது. அசையாததால் பார்வை அதைக் கண்டுகொள்வதில்லை. துளை ஆடினால் நிழல் நகரும், செல்கள் உடனே உஷாராகிவிடும். கையை நிறுத்தினால் மரம் கரைந்துபோகும், அந்த ஒன்றுதான் எனக்குக் குறை. செக் நாட்டு விஞ்ஞானி யான் பூர்கின்யே ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்பே இதை எழுதிவைத்திருக்கிறார், இன்றும் இதற்குப் பூர்கின்யே மரம் என்றே பெயர்.

இன்னும் இருக்கு, போயிடாதீங்க! மரத்தின் நடுவில் ஒரு கிளைகூட நுழையாத வெற்றிடம் தெரியும், விழித்திரையில் அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், அங்கேதான் ஒரு சின்னக் குழி, ஒளியை உணரும் கூம்பு செல்கள் நெருக்கியடித்து நிற்கிற அந்தக் குழியை வைத்துத்தான் நீங்க இந்த வரியையே படிக்கிறீங்க, அதன் மேல் நிழல் விழக்கூடாதென்று குழாய்களெல்லாம் சுற்றி ஒதுங்கிப் போகின்றன, என்ன ஒரு ஏற்பாடு! அடுத்து மொட்டைமாடிக்கு ஓடினேன். நீல வானத்தை வெறித்துப் பார்த்தால் மினுக் மினுக்கென்று வெள்ளைப் புள்ளிகள் நெளிந்து நெளிந்து ஓடும், அவை என்ன தெரியுமா, விழித்திரையின் மயிரிழைக் குழாய்களில் ஓடும் உங்க ரத்தத்தின் வெள்ளையணுக்கள்! சிவப்பணுக்கள் நீல ஒளியை விழுங்கிவிடும், வெள்ளையணு விழுங்காது, அது கடக்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம் உள்ளே இறங்கிப் பளிச்சென்று ஒரு புள்ளி, அதுவும் இதயம் துடிக்கத் துடிக்க வேகமெடுத்து வேகமெடுத்து ஓடுகிறது, எனக்குப் புல்லரித்துவிட்டது! மேகமில்லாத நாளாகப் பார்த்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே அண்ணாந்து பாருங்க, இன்றைக்கே பாருங்க!