யிஸ்காவும் ஜெசிக்காவும்: ஒரு பெயரின் சமூக வரலாறு

ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகம் பற்றிய விமர்சனங்களிலே ஷைலொக் என்னும் பெயர் பெற்ற கவனத்தை அவன் மகளின் பெயர் பெற்றதில்லை. ஜெசிக்கா என்பது இன்று பல நாடுகளிலும் வழங்கும் பெயராதலின் அதனை விளக்கவேண்டிய தேவை தோன்றாது போலும். ஆயின், ஏறத்தாழ 1596-97 அளவில் அந்நாடகம் எழுதப்பெறுவதற்கு முன்னர் அப்பெயர் இவ்வடிவில் வழங்கியதாகத் தெரியவில்லை. வழக்கிலில்லாத ஒரு பெயரை நாடகாசிரியர் எதிலிருந்து ஆக்கினார், அது எத்தகைய பாத்திரத்துக்கு இடப்பட்டது, பின்னர் தன் மூலத்தை எவ்வாறு இழந்தது என்னும் வினாக்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. குழந்தைகளுக்குப் பெயர் தெரிவதற்கென வெளிவரும் கைந்நூல்கள் இவற்றுள் முதலாவதற்கு மட்டும் ஒரு வரியில் விடை தந்து அமைவன. அவ்வொரு வரியே எம்மை இவ்வாய்வுக்குத் தூண்டிற்று.

எமது இலக்கணகாரர் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தனர். காரணப் பெயரொன்று காலப்போக்கிலே காரணம் மறைந்து இடுகுறிபோல் நிற்றல் எம்மொழியிலும் காணப்படுவதே. அம்மறைவை மொழியின் இயல்பான தேய்வு என்று மாத்திரம் கொள்ளல் போதாது என்பதும், இப்பெயரைப் பொறுத்தவரை அத்தேய்வுக்குச் சமூகக் காரணம் உண்டு என்பதும் நமது கருத்து.

மூலம் எபிரேய விவிலியத்தில் உள்ளது. ஆதியாகமம் பதினோராம் அதிகாரத்தின் 29 ஆம் வசனத்திலே ஆரானின் புதல்வியருள் ஒருத்தியாக யிஸ்கா குறிக்கப்படுகின்றாள். அவள் பெயர் அவ்வோரிடத்தில் மட்டுமே வருகின்றது. அவள் பேசுவதில்லை, அவளுக்கு நிகழ்ச்சி எதுவுமில்லை, மணமும் கூறப்படவில்லை. கதை எதுவுமில்லாத ஒருத்தியின் பெயரை வேதம் ஏன் கூறவேண்டும் என்னும் ஐயம் யூத உரைமரபினரிடையே எழுந்தது. தல்மூத் அதற்கு விடை கண்டது: யிஸ்கா என்பவள் ஆபிரகாமின் மனைவி சாராளே, தூய ஆவியினால் அவள் வருவதைக் கண்டாள் ஆதலின் அப்பெயர் பெற்றாள், அவள் அழகினை யாவரும் நோக்கினர் ஆதலின் பெற்றாள் எனினும் அமையும். இவ்விரு விளக்கமும் 'காணுதல், நோக்குதல்' என்னும் பொருளுடைய வேரினை அடியாகக் கொண்டவை. பதினோராம் நூற்றாண்டின் உரையாசிரியரான ராஷி இவற்றுடன் தலைமை, அரசுரிமை என்னும் பொருளையும் இயைத்துக் காட்டினார். வரலாற்று நோக்கிலே யிஸ்காவும் சாராளும் ஒருத்தியே என நிறுவுதல் அரிது. எனினும் ஒரு முறை மாத்திரம் உச்சரிக்கப்பட்ட பெண்பெயர் ஒன்றுக்கு மரபு தீர்க்கதரிசனத்தையே உரிமையாக்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. முதலிற் காண்பவளாகவும் பின்னர் காணப்படுபவளாகவும் அவளை அது வைத்த வரிசையும் அத்தகையதே.

இன்றைய கைந்நூல்கள் தரும் 'கடவுள் காண்கிறார்' என்ற பொருளை இங்கு நோக்கவேண்டும். யிஸ்கா என்னும் சொல்லிலே கடவுளைக் குறிக்கும் உறுப்பு எதுவும் இல்லை. எழுவாய் தொக்கு நிற்பதாகக் கொண்டு, தொக்கது கடவுளே என வருவித்து உரைக்கும் பொருள் அது. பெண்ணின் காட்சி இவ்வாறு கடவுளின் காட்சியாயிற்று. வேறு சில நூல்கள் 'செல்வமுடையவள்' என்கின்றன. அதற்கு எபிரேய வேரில் ஆதாரமில்லை. தந்தையின் பொற்பேழையோடு வீட்டை விட்டகன்ற நாடகப் பாத்திரமே அப்பொருளைத் தந்திருக்கலாம் போலும்!

நாடகத்துக்கு வருவோம். 1290 இல் முதலாம் எட்வேட் மன்னன் யூதரை இங்கிலாந்திலிருந்து வெளியேற்றினான். கிறிஸ்தவராக ஒழுகிய சிலர் இலண்டனில் மறைவாக வாழ்ந்தனராயினும், வெளிப்படையான யூத வாழ்க்கை ஷேக்ஸ்பியர் காலத்து மக்கள் அறியாதது. அரசியின் மருத்துவரும் போர்த்துக்கேய யூத வழியினருமான லோபஸ் 1594 இல் தூக்கிலிடப்பட்டபோது எழுந்த வெறுப்பே அவர்கள் கண்ணெதிரே கண்டது. ஆகவே யூதப் பெயர் வேண்டிய நாடகாசிரியர் விவிலியத்தையே நாடவேண்டியிருந்தது. ஷைலொக்கின் இனத்தவராக நாடகம் கூறும் தூபால், கூஷ் ஆகிய இரு பெயர்களும் ஆதியாகமத்தின் பத்தாம் அதிகாரத்தில் உள்ளன. ஷைலொக் என்பதும் அதே அதிகாரத்துச் சாலா என்னும் பெயரின் திரிபு என்பது ஆய்வாளர் சிலரது கருத்து. அடுத்த அதிகாரத்திலேதான் யிஸ்கா வருகின்றாள். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில விவிலியங்கள் சிலவற்றில் அப்பெயர் ஏறக்குறைய 'ஜெஸ்கா' என்னும் வடிவத்திலே காணப்பட்டது. தாவீதின் தந்தையான ஈசாயின் பெயருக்குப் பெண்பால் என வாதிடுவோரும் உளர். ஆயினும் அயலதிகாரச் சான்று யிஸ்காவின் பக்கமே வலியுடையது.

மார்லோவின் மோல்ற்றா யூதன் நாடகத்திலே யூதனின் மகள் அபிகாயில். அது விவிலியம் வாசித்த எவரும் அறிந்த பெயர். ஷேக்ஸ்பியரோ எவரும் நினைவிற் கொள்ளாத பெயரொன்றை எடுத்து, இத்தாலிய ஓசை அமையுமாறு அதன் ஈற்றை நீட்டினார். கேட்போருக்கு வெனிஸ் நகரத்துப் பெண்ணொருத்தியின் பெயராகவே அது ஒலித்திருக்கும். மகள் மதம் மாறுவதற்கு முன்னரே அவள் பெயர் மாறிவிட்டது எனலாம்.

இரண்டாம் அங்கத்திலே, வீதியில் முகமூடியணிந்து வரும் கிறிஸ்தவரை நோக்காதே, சாளரங்களை அடைத்துவிடு எனத் தந்தை மகளுக்குக் கட்டளையிடுகின்றான். சாளரத்தருகே நின்று வெளியே பார் என வேலைக்காரன் அவள் காதில் ஓதுகின்றான். பார்வையே இக்காட்சியின் மையம்; பெயரின் பொருளும் பார்வையே. ஷேக்ஸ்பியர் எபிரேயம் கற்றவர் என்பதற்குச் சான்றில்லை. விவிலியப் பெயர்களின் பொருளை அட்டவணையாகத் தந்த பதிப்புகள் அக்காலத்தில் இருந்தன. அவர் அவற்றைக் கண்டாரோ இல்லையோ, இப்பொருத்தத்தைக் காணும் வாசகன் ஜெசிக்காவை வெறும் காதற் பாத்திரமாகக் கொள்ள முடியாது. அடைக்கப்பட்ட வீட்டிலிருந்து உலகை நோக்க விழைந்தவள் அவள். அவ்வளவில் அவள் விழைவு நியாயமானது. அதற்கு அவள் செலுத்திய விலை யாது? தாய் லேயாள் திருமணத்துக்கு முன்னர் ஷைலொக்குக்கு அளித்த மோதிரம் ஒரு குரங்குக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி வருகின்றது. மூன்றாம் அங்கத்திலே, நீ யூதனின் மகளாயிராவிட்டால் உனக்கு மீட்புண்டு என்று அதே வேலைக்காரன் அவளை நகையாடுகின்றான். மதம் மாறியும் பிறப்பு விடவில்லை. நாடகத்தின் இறுதியிலே, தந்தையின் கட்டாய மதமாற்றத்தோடு எழுதப்பட்ட சொத்துரிமைப் பத்திரம் அவளிடமும் லொறென்சோவிடமும் கொடுக்கப்படுகையில் அவளுக்கு ஒரு வார்த்தையுமில்லை. ஆதியாகமத்து யிஸ்காவைப் போலவே அவளும் பேசாது நிற்கின்றாள். இம்மௌனத்தை மகிழ்ச்சியாகக் கொள்ளும் விமர்சகர்களுடன் நாம் உடன்படோம்.

நாடகம் 1600 இல் அச்சேறிய பின்னரும் நெடுங்காலம் ஜெசிக்கா அரிய பெயராகவே இருந்தது. பழைய ஏற்பாட்டுப் பெயர்களை விரும்பி இட்ட தூய்மைவாதக் கிறிஸ்தவரும் இதனைப் பரப்பினாரல்லர். அவர்களுக்கு இது நாடக மேடைக்குரிய பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கிலேயக் குடும்பங்களில் இதனைக் காண்கிறோம். 1917 இல் பிறந்த ஜெசிக்கா மிற்போட் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கவர். பிரபு குடும்பத்தினரான அவர் பொதுவுடைமைவாதியாகி, யூத வழக்கறிஞர் ஒருவரை மணந்து, அமெரிக்காவிலே சமூக விமர்சன எழுத்தாளராகப் புகழ்பெற்றார். அவருடைய சகோதரியரான டயானாவும் யூனிற்றியும் பாசிசத்தின் ஆதரவாளர். பின்னவர் ஹிற்லரின் நெருங்கிய வட்டத்தில் இடம்பெற்றவர். யூனிற்றியின் நடுப்பெயர் ஜேர்மானியத் தொன்மத்துப் போர்த் தெய்வங்களுக்குரிய வல்கைறி. இவ்விரு பெயர்களும் ஒரே வீட்டிலே இடர்ப்பாடின்றி இடப்பட்டமை, ஜெசிக்கா என்பதன் யூத மூலம் அதற்குள் எவ்வளவு மறைந்துவிட்டது என்பதைக் காட்டும்.

1938 ஓகஸ்ட் 17 ஆம் நாள் நாஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஏற்கப்பட்ட பட்டியலிலுள்ள யூதப் பெயரைத் தாங்காத யூதர், 1939 ஜனவரி முதல் மேலதிகப் பெயரொன்றைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். ஆண்கள் இஸ்ரவேல், பெண்கள் சாரா. ஜேர்மானியரிடையே வேரூன்றிவிட்ட அன்னா, ஏவா முதலிய விவிலியப் பெயர்கள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அவையும் எபிரேயப் பெயர்களே. ஆனால் பெரும்பான்மையினர் அவற்றைத் தமதாக்கிவிட்டனர். ஆகவே பெயரொன்றின் 'யூதத் தன்மை' அதன் சொற்பிறப்பால் தீர்மானிக்கப்படவில்லை. அதனை யார் தாங்குகின்றனர் என்பதாலேயே தீர்மானிக்கப்பட்டது. தல்மூத் மரபின்படி யிஸ்காவும் சாராளும் ஒருத்தியே. அவளுடைய ஒரு பெயர் இங்கிலாந்திலே பிரபு வீட்டுக் குழந்தைக்கு அணியாயிற்று. மற்றைய பெயர் ஜேர்மனியிலே பெண்களின் அடையாள அட்டைகளிற் கட்டாய முத்திரையாகக் குத்தப்பட்டது. பெயர்களின் பொருளை வேரில் மாத்திரம் தேடுவோர் இவ்வேறுபாட்டை எவ்வாறு விளக்குவர்?

பரவல் பின்னரே நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத் தரவுகளின்படி 1985 முதல் 1990 வரையும், மீண்டும் 1993 முதல் 1995 வரையும் பெண்குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் முதலிடம் ஜெசிக்காவுக்கே. அவ்வாண்டுகளில் சாராவும் முதற் பத்துப் பெயர்களுள் ஒன்றாயிருந்தது. 2020களிலோ ஜெசிக்கா முதல் நூறு பெயர்களுள்ளும் இல்லை. ஓசையினிமைக்காக ஏற்கப்பட்ட பெயரை, ஓசை பழகிப்போனதும் கைவிடுதல் நுகர்வுச் சமுதாயத்தில் வியப்பன்று.

தமிழ் விவிலியத்திலே இவள் இஸ்காள். சாராள், மில்க்காள், லேயாள் என்பவற்றிற் போலவே இதிலும் மொழிபெயர்ப்பாளர் எமது பெண்பால் விகுதியைச் சேர்த்து அயற்பெயரை எம்மவர் நாவுக்கு இசைவித்தனர். இஸ்காள் எனக் குழந்தைக்குப் பெயரிட்டோரை நாம் அறியோம்; ஜெசிக்கா எனப் பெயரிட்டோர் பலரை அறிவோம். ஒரே சொல்லின் இரு வடிவங்கள் இவை என்பது அவர்கள் கவனத்துக்கு வருவது அரிது. எபிரேய மொழியிலும் நிலை ஏறக்குறைய இதுவே. யிஸ்கா என்னும் மூலப்பெயர் இஸ்ரவேலில் அரிதாகவே இடப்படுகின்றது. ஜெசிக்கா என்பதை எபிரேய எழுத்தில் எழுதும்போது, அம்மொழிக்கு இயல்பல்லாத ஒலியாகிய 'ஜ'கரத்தைக் குறிக்க கீமெல் என்னும் எழுத்தின் பக்கத்திலே சிறு கோடொன்று இடப்படுகின்றது. பிறமொழிச் சொற்களுக்கென அமைந்த குறியீடு அது.