அணிலின் சாவும் அணிலினத்தின் அழிவும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் ஒரு சாம்பல் நிற அணிலைக் கழுகு கவ்விச் செல்வது சாவு. அந்த அணிலினமே பூண்டற்றுப் போவது அழிவு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கிறிஸ்தவ மரபு நமக்கு என்ன சொல்லித் தந்திருக்கிறது? மூன்று போக்குகளைக் காணலாம்.

முதலாவது, அகுஸ்தினாரும் அக்குவினாஸ் தோமாவும் காட்டிய வழி. விலங்குகளின் சாவு அவற்றின் இயல்பு; ஆதாமின் பாவத்தால் சிங்கத்தின் சுபாவம் மாறிவிடவில்லை என்றார் தோமா. இறைவனின் நன்மையை ஒரே படைப்பால் காட்டிவிட முடியாது, அதனால்தான் இத்தனை வகை உயிர்கள் என்றவரும் அவரே. அப்படியானால், ஓர் இனம் மறையும்போது அந்த நன்மையின் ஒரு சாயலும் மறைகிறது.

இரண்டாவது, சாவெல்லாம் ஆதாமின் வீழ்ச்சியின் விளைவு என்னும் போக்கு. ஜான் வெஸ்லி 1781இல் எழுதிய பிரசங்கம், மனிதனால் கேடுற்ற விலங்குகளுக்கும் விடுதலை உண்டு என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தைக் கொண்டு அறிவித்தது. மனிதனுக்கு முன்பே வாழ்ந்து மறைந்த இனங்களைப் புதைபடிவங்கள் காட்டியபோது, இந்தப் போக்கு கடினமான கேள்வியைச் சந்தித்தது. ஆனாலும் விலங்கின் துயரைக் கண்டு கலங்கிய நெஞ்சு அதனுடையது.

மூன்றாவது நம் காலத்தது. 1961இல் புதுதில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவையில், மீட்பு சர்வ சிருஷ்டிக்கும் உரியது என்றார் லூத்தரன் இறையியலாளர் ஜோசப் சிட்லர். உயிரினங்களை அழிப்பது பாவம் என்று 1997இல் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை பர்த்தலமேயு வெளிப்படையாகச் சொன்னார். நம்மால் அழிந்த இனங்கள் இனி இறைவனைப் புகழாது, அப்படிச் செய்ய நமக்கு உரிமையில்லை என்றது திருத்தந்தை பிரான்சிஸின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடல்.

சாவை மூன்றும் மூன்று விதமாகப் பார்க்கின்றன. நம் கையால் நேரும் இன அழிவுக்கு மூன்றிலும் இடமில்லை. இதுவே என் உரைகல்.

இனி செண்பகத்தோப்புக்கே திரும்புவோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அக்காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. கிளைக்குக் கிளை தாவி வாழும் அணில் தரையிறங்குவது அரிது. நடுவே ஒரு மரம் விழுந்தால் அதன் பாதை அறுந்துபோகும்.

வெள்ளம் ஏன் வருகிறது என்று நோவா வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை, பேழையைக் கட்டினார். ராஜபாளையத்து, ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருச்சபை மக்களுக்கு அந்தப் பேழை, மலையடிவாரத்து மாந்தோப்பும் புளியமரமும்தான். அவற்றின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கட்டும்.