பின்வாங்கத் தெரியாத கால்

சிலம்பப் போட்டியில் கூட்டம் கையைப் பார்க்கும். கம்பு சுற்றுகிற வேகம், மணிக்கட்டின் வளைவு, எதிராளியின் தோளில் விழுகிற தொடுபுள்ளி, இதற்குத்தான் விசில். நான் இந்த வருஷம் முழுக்க ஒரு பையனின் பின்கால் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் பேரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. சப் ஜூனியர் பிள்ளை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எந்தப் பள்ளி மைதானத்தில் தொடுமுறைச் சண்டை நடந்தாலும் அவன் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் டீக்கடையில் நிற்கிறவர்கள்கூட உள்ளே வந்துவிடுகிறார்கள். காரணம் ஒன்றுதான். புள்ளி இழந்த அடுத்த கணம் அவன் எடுக்கும் முடிவு.

மற்ற பிள்ளைகள் தொடு வாங்கினால் ஓரடி பின்னால் வைப்பார்கள். மூச்சை இழுத்து, கம்பை நிமிர்த்தி, காலை மாற்றி மறுபடியும் வீடு கட்டிக்கொண்டு வருவார்கள். இவன் அந்த ஓரடியை வைப்பதே இல்லை. தொட்ட கம்பு திரும்புவதற்குள் எதிராளியின் மேல் பாய்ந்துவிடுகிறான். கூட்டம் எழுந்து நிற்கிறது. "நெஞ்சுரம்னா இதுதான்யா" என்கிறார் ஒருவர். "சிங்கக்குட்டி" என்கிறார் இன்னொருவர். இந்த இரண்டு வார்த்தைகளும் தப்பு என்பதுதான் என் கட்சி.

குதிகாலைப் பாருங்கள். சிலம்பத்தில் பின்காலின் குதிகால் தரையில் முழுசாக அழுந்தாது. காகிதம் ஒன்றைச் செருகினால் போகிற அளவு இடைவெளி இருக்கும். முன்னால் போவதற்கும் பின்னால் வருவதற்கும் பக்கவாட்டில் விலகுவதற்கும் அந்த இடைவெளிதான் சாவி. இந்தப் பையனின் குதிகால் மண்ணில் புதைந்து கிடக்கிறது. சுற்று முடிந்து அவன் நகர்ந்த பிறகு போய்ப் பார்த்தேன், செம்மண்ணில் அரை அங்குலக் குழி. முன்னால் போவது அவனுடைய தேர்வு இல்லை. அவனுக்கு வேறு வழி விடப்படவில்லை.

கையிலும் அதே சேதிதான். நெற்றி உயரக் கல்மூங்கில் கம்பு அது. அதைப் பிடிக்கும்போது விரல்களுக்குள் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றாது. அவனுடைய இடது கட்டைவிரல் நகம் ரத்தம் இல்லாமல் வெளுத்திருக்கிறது. முதல் நிமிடத்தில் அந்தப் பிடி பலமாகத் தெரியும். இரண்டாவது நிமிடத்தில் முன்கை கனத்துப்போய் வீச்சின் வட்டம் சுருங்கும். வட்டம் சுருங்கினால் தூரக் கணக்கு தப்பும். தூரக் கணக்கு தப்பினால் எதிராளியின் உடம்புக்குள்ளேயே போய் நிற்க வேண்டியதுதான். அவன் கடைசி நிமிடத்தில் வாங்குகிற தொடுபுள்ளிகள் அத்தனையும் அப்படி வந்தவை. கணக்கு வைத்திருக்கிறவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

இது எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் புரியவில்லை. போன மாசம் ஒரு போட்டியில் இடைவேளையின்போது அவர்கள் மூலைக்குப் பக்கத்தில் நின்றேன். பையன் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் குனிந்து, துண்டால் அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே காதோரம் சொன்னார்:

"பின்னாடி உங்கம்மா நிக்கிறாங்கனு நெனச்சுக்கோ. உன் தங்கச்சி நிக்குது. நீ ஒரு அடி பின்னாடி வச்சா அவங்க மேலதான் வைப்ப. வைப்பியா?"

பையன் தலையை ஆட்டினான். வைக்க மாட்டான்.

போட்டி முடிந்ததும் மாஸ்டரே பெருமையோடு மீதியைச் சொன்னார். பையனின் அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் விபத்தில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறதாம். அதிலிருந்து பையன் ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை. நாய் குரைத்தால் எழுந்து உட்காருகிறான். வாசற்படிக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்கிறான், பக்கத்தில் கம்பு. அம்மா இதைச் சொல்லி அழுதபோது மாஸ்டருக்குப் பொறி தட்டியிருக்கிறது. "அந்தப் பயத்தத்தான் சார் நான் கம்புல ஏத்துனேன்" என்றார். "உங்கப்பா இல்ல, இனிமே வூட்டுக்கு நீதான் காவல், கம்பு தெரியலன்னா யாரு காப்பாத்துவானு கேட்டேன். மறுநாள் காலைல அஞ்சு மணிக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துட்டான்."

அந்த மாஸ்டர் கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பஸ் காசு அவர் கொடுக்கிறார், போட்டி நாளில் அவித்த முட்டை அவர் வீட்டிலிருந்து வருகிறது. அவர் போடும் கணக்கும் எனக்குப் புரிகிறது. சிலம்பம் இப்போது கோயில் திருவிழா விளையாட்டு மட்டும் இல்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் அதுவும் உண்டு. முதலமைச்சர் கோப்பையில் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக வைத்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் ஒரு சான்றிதழ் என்ன பெறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தச் சான்றிதழுக்குப் போகிற பாதையில் பிள்ளையின் ராத்திரி பயத்தை எடுத்து விறகாக வைத்தால், அந்தத் தீ எத்தனை வருஷம் எரியும்? ஆட்டக் கணக்காகவே இதைக் கேட்கிறேன்.

இதைச் சொன்னால் செஞ்சிக்கார நண்பர்கள் உடனே தேசிங்கை இழுத்துவருவார்கள். பின்வாங்காதவன்தானே அவன், பாட்டுக் கட்டிப் பாடுகிறோமே என்பார்கள். சரி, அதையும் பேசிவிடுவோம். 1714-இல் செஞ்சியை ஆண்ட அப்பா சொரூப் சிங் இறந்தார். அதே வருஷம் மகன் தேஜ் சிங், நம் வாயில் தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிரே சில நூறு குதிரைக்காரர்களோடு போய் நின்றான். அக்டோபரில் களத்திலேயே விழுந்தான். வயது 22. அவன் வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை, கேட்டால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அப்பா போன சூடு ஆறாத அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து, "இன்னிக்கு வேண்டாம், திரும்பு" என்று சொல்ல ஒரு பெரியவர் இல்லாமல் போனாரே என்றுதான் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நினைக்கிறேன். செஞ்சிக் கோட்டை நவாப் கைக்குப் போயிற்று.

அதே கோட்டையில் அதற்கு இருபத்தைந்து வருஷம் முன்னால் வேறொரு ஆட்டம் நடந்தது. அதை நம் ஊரில் யாரும் பாடுவதில்லை. 1689-இல் மராட்டிய மன்னர் சம்பாஜியை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கொன்றபோது தம்பி ராஜாராமுக்கு 19 வயது. அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளை. ராய்கட் கோட்டையை முகலாயப் படை நெருங்குகிறது. சம்பாஜியின் மனைவி ஏசுபாய், புருஷனை இழந்து நிற்கிற பெண், அந்த மைத்துனனிடம் "உன் அண்ணன் ரத்தத்துக்குப் பழி வாங்கு, இங்கேயே நின்று சா" என்று சொல்லவில்லை. கோட்டையை விட்டுக் கிளம்பிப் போ என்றாள். அவள் அங்கேயே இருந்தாள், சிறைப்பட்டாள். அவன் மாறுவேஷத்தில் தெற்கே வந்து செஞ்சிக்குள் நுழைந்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைக்கிற அந்த மதிலுக்குள் இருந்துகொண்டு முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகையை ஏழெட்டு வருஷம் இழுத்தடித்தான். கோட்டை விழப்போகிறது என்றதும் அங்கிருந்தும் நழுவினான். 1698-இல் சுல்பிகர் கான் கோட்டையைப் பிடித்தபோது அவன் தேடிவந்த ஆள் உள்ளே இல்லை. மராட்டியர் சண்டை அதன் பிறகும் நடந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். பின்னால் வைத்த இரண்டு அடிகளுக்கு நடுவே நின்ற கோட்டை அது.

மூலையில் நிற்கிற ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஏசுபாயைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. என் அப்பா போனபோது நான் எட்டாவது. எங்கள் வாத்தியார் மல்லாட்டை காயப்போடும் களத்தில்தான் கம்பு சொல்லித்தருவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் போனேன். அவர் துக்கம் விசாரிக்கவில்லை, தோளைத் தட்டி வீரம் பேசவும் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி, நாலு கம்பை எடுத்து முன்னால் போட்டார். தடவு என்றார். தடவினேன். பொழுது சாயும்போது கேட்டார்:

"இருட்டுல வூட்டுக்குப் போவப் பயமா கீதா?"

"ஆமா வாத்தியாரே."

"சரி, அப்ப வெளிச்சத்துலயே கெளம்பிடு. நாளைலேந்து உனக்கு மொதல்ல சொல்லித்தரேன்."

அவ்வளவுதான். பயம் இருக்கிறது என்றால் இருக்கிறது. அதற்குத் தக்கபடி நேரத்தை மாற்றினார். அடுத்த ஒரு மாசம் எனக்கு அவர் சொல்லித்தந்தது பின்னால் அடி வைக்க மட்டும். அடித்தால் விலகு, மறுபடியும் அடித்தால் மறுபடியும் விலகு. "பின்காலுலதான்டா உசுரு கீது" என்பார். நான் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. ஆனால் நாற்பது வருஷம் கழித்தும் கம்பை எடுத்தால் என் விரல்களுக்குள் காற்று இருக்கிறது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த சீசன் முடியும்வரை பையன் ஜெயிப்பான். சப் ஜூனியரில் எதிரே நிற்கிற பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்த்தே பாதி ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். ஜூனியர் பிரிவுக்குப் போனதும் கதை மாறும். அங்கே ஒருவன், அநேகமாக விழுப்புரம் பக்கத்துப் பையனாகத்தான் இருப்பான், அங்கே இப்போது விலகி ஆடக் கற்றுத்தருகிற இரண்டு பேர் இருக்கிறார்கள், வேண்டுமென்றே ஒரு தொடு கொடுத்து இவனைக் கூப்பிடுவான். இவன் பாய்வான். அவன் அரையடி விட்டுக்கொடுத்து, கீழ்வீச்சில் முன்காலை எடுப்பான். ஒரு தடவை இது நடந்தால் போதும், அடுத்த போட்டிக்குள் எல்லாப் பயிற்சியாளர் கைபேசியிலும் அந்த வீடியோ இருக்கும். பாய்கிற ஆட்டக்காரனுக்கு மருந்து கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் அவன் அடுத்து என்ன செய்வான் என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரியும்.

அப்போது மூலையில் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் கவலை. "உங்கம்மாவைக் காப்பாத்த முடியலையேடா" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கணக்கைப் பையனே போட்டுக்கொள்வான். மற்ற பிள்ளைகள் போட்டியில் தோற்றால் போட்டியில் தோற்கிறார்கள். இவனுக்கு ஒவ்வொரு தோல்வியும் வாசற்படியில் திருடன் ஏறிய மாதிரி. பதினாறு வயதில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒரு நாள் கம்பை மூலையில் சாத்திவிட்டுப் போவதை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். உடம்பில் அடி இருக்காது. வீட்டில் கேட்டால் படிப்பு, டியூஷன் என்பார்கள். சிலர் விடாமல் இருந்து, பின்னாளில் தாங்களே மாஸ்டராகி, இன்னொரு அப்பா இல்லாத பிள்ளையின் காதில் அதே வார்த்தையைச் சொல்வார்கள்.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். இந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது. அந்த மணிக்கட்டு லட்சத்தில் ஒன்று. வலமிருந்து இடமாகக் கம்பை மாற்றும்போது தோள் அசையாமல் மாற்றுகிறான், அதைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது. மாஸ்டர் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிற அம்மாவையும் தங்கச்சியையும் அங்கிருந்து எடுத்து, மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கட்டும். நிஜமாகவே கூட்டிவந்து உட்காரவைக்கட்டும். பையன் திரும்பிப் பார்க்கட்டும். பின்னால் வெறும் மண்தான், யாரும் இல்லை, கால் வைக்கலாம் என்று அவனுக்குத் தெரியட்டும். அப்படிச் செய்தால் மூன்று வருஷத்தில் மாநில அளவில் அவன் எடையில் அவனைத் தொட ஆள் இருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அடுத்த போட்டிக்கு நான் வழக்கம்போல் சீக்கிரம் போய்க் கோட்டுப் பக்கம் தரையில் உட்காருவேன், குதிகால் தெரிகிற உயரத்தில். முதல் தொடு அவன் மேல் விழுந்ததும் அந்த ஓரடியை அவன் பின்னால் வைத்தால், ஆட்டத்தில் அவன் தோற்றாலும் பரவாயில்லை, நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.