முதிர்ந்த இசை யார் காதுக்கு? பரட்டை அண்ணனின் கிராமிய இசை வழிபாட்டை முன்வைத்து

கிறிஸ்தவ இசையில் ‘முதிர்ச்சி’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். கொட்டுச் சத்தம் அடங்கணும். பேச்சுத் தமிழ் போய் ஏட்டுத் தமிழ் வரணும். ராகம் சுத்தமா நிக்கணும், இல்லாட்டி நாலு குரலும் பிசிறில்லாம சேரணும். இந்த அளவுகோலை அடித்துக் கொடுத்தது யார் என்பதே நம் கேள்வி.

தென்காசிப் பக்கமிருந்தே தொடங்கலாம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சி எழுதினார். அதில் மலையையும் அருவியையும் சொந்தம் கொண்டாடிப் பாடுகிறவள் குறத்தி. மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பாட்டு குறத்தி வாயில், நிலம் கவிராயர் கையில். தமிழ் இலக்கியம் விளிம்புநிலைக் குரலை எடுத்தாண்ட கதை இதுதான்.

அந்த வடிவத்தைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தவர் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). குற்றாலக் குறவஞ்சியை முன்மாதிரியாக வைத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். கர்நாடக ராகங்களில் அவர் கட்டிய கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. புலமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சபைக்குள் சாதி வித்தியாசத்தை ஒழிக்கப் பார்த்த மிஷனரிகளை எதிர்த்து 1829இல் ‘ஜாதி திருத்தலின் பயித்தியம்’ எழுதியவரும் இவரேதான். குறத்தியின் வடிவம் சபைக்குள் வரலாம். ஒடுக்கப்பட்டவன் சரிசமமாக வந்து உட்காரக் கூடாது. கீர்த்தனையின் அழகைப் பேசுகிற நம் விமர்சகர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

பிறகு சுரண்டை, நல்லூர் என்று சி.எம்.எஸ். மிஷன் வளர்த்த சபைகளில் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே புத்தகமாகக் கைக்கு வந்தன. ஒன்று வெள்ளைக்காரன் மெட்டு, இன்னொன்று மேல்சாதி மெட்டு. நம்ம சனங்க வயக்காட்டிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வைத்திருந்த மெட்டுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. பறை வாசலுக்கு வெளியே நின்றது.

இந்த ஏற்பாட்டை உடைத்தவர் பரட்டை அண்ணன் என்று நாமெல்லாம் கூப்பிட்ட ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். ஆராதனை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், பேச்சுமொழியில் செய்தார். ‘பிதாவே’ என்று அழைத்த இடத்தில் ‘பெத்தவரே’ என்று அழைக்க வைத்தார். இது வெறும் சொல் மாற்றமில்லை. பெத்தவர் என்றால் அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு. ஒரே சொல்லில் ஆணாதிக்கமும் ஏட்டுத்தமிழும் சேர்ந்து ஆட்டம் காண்கின்றன.

அவர் நாட்டார் இசையைத் தேர்ந்ததற்கு அரசியல் காரணம் உண்டு. கீர்த்தனை பாட வருசக்கணக்கில் பயிற்சி வேணும். பாமாலைக்கு ஆர்கன் வேணும். கும்மிக்கும் ஒயிலுக்கும் கையும் காலும் போதும். அதைவிட முக்கியம், நாட்டார் பாட்டைப் பாடுகிறவர் தன் பாட்டுக்கு மாத்திக்கலாம். அவர் இறையியலின் மையம் ‘ஒரு ஒலை’. எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கிய சோறு. பாட்டும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு கை அரிசி.

ஆனாலும் ‘கிராமிய’ என்ற சொல்லை அப்படியே விழுங்க முடியாது. கிராமம் என்றால் எது? ஊரா, சேரியா? 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னதை மறந்துவிட்டு ‘கிராமிய மணம்’ பேச முடியாது. கும்மியும் ஒயிலும் ஊர்க்காரரும் ஆடுவதே. அண்ணன் 1986இல் ‘ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்’ எழுதியபோது பேச்சு பொதுவாக நாட்டார் கலை பற்றியது. 1990களில் தலித் இயக்கம் எழுந்து, கல்லூரியின் தலித் ஆதார மையம் கலைவிழா நடத்தி, பறை அந்த வளாகத்துக்குள்ளேயே முழங்கியபோது ‘கிராமியம்’ உடைந்து ‘தலித்’ வெளியே வந்தது. அந்த இசை முதிர்ந்தது அப்போதுதான். மெருகேறியல்ல, பறைக்குக் கிட்டே போய்.

“கொட்டடிக்க மாட்டோம் என்று நம்மாட்கள் போராடுகிறார்கள். நீங்கள் கோயிலுக்குள் அடிக்கச் சொல்கிறீர்களே” என்று தோழர்கள் கேட்பது நியாயமே. பறையைப் போட்டு உடைத்தவர்களின் கோபத்தை நாம் மதிக்கிறோம். அவர்கள் மறுத்தது ஊர்ச் சாவுக்குக் கட்டாயமாக அடிக்கிற ஊழியத்தை. யாரும் ஏவாமல் தன் சாமிக்கு முன்னால் தானே அடிக்கிறபோது அந்தத் தோலுக்கு வேறு அர்த்தம். ஆனால் ஒன்று: யார் அடிப்பது? மேல்சாதிக் கிறிஸ்தவரும் கையில் எடுத்து அடிக்காதவரை பறை பொதுவாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

நெல்லை, தென்காசிச் சபைகளில் அசனம் உண்டு. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கை கழுவி எழுந்து கல்யாணப் பேச்சு என்று வந்தால் சாதி விசாரிக்கிறோம். ஒலை ஒண்ணு, உறவு ரெண்டு. இந்த முரணைப் பாடுகிற பாட்டு நம்மிடம் எத்தனை இருக்கிறது? அண்ணனின் பாடல்களைக் கீபோர்டு வைத்து இழைத்து மேடைக்கச்சேரி ஆக்குவதால் அது வந்துவிடாது. அடுத்த அசனத்தில் அவர் மெட்டை எடுத்து நம்ம ஊர்க் கதையை அதில் ஏற்றிப் பாடணும். பாடகர் குழு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.